நானூறு சிசிக்குப் பூக் கேட்டது

ஏனுங்க தம்பி, கொஞ்சம் அக்கட்டத் தள்ளி உக்காந்துக்கறீங்களா? இந்த எடத்துலதான் ஃபேன் காத்து வருது. உங்க வண்டி சர்வீசுக்கு விட்டிருக்கீங்களாக்கு? நாங்க டெலிவரிக்கு வந்திருக்கறமுங்க. எனக்கில்லீங்க. நமக்கெல்லாம் சைக்கிள்தான். வண்டி என்ற ஊட்டுக்காரிக்கு. அதா பாருங்க, கண்ணாடி ரூமுக்குள்ள, மஞ்சத் துப்பட்டா போட்டுட்டு கையெழுத்துப் போட்டுட்டு இருக்கறா. கோகிலவாணி. வாங்கறது நானூறு சிசி. மலை ஏறற வண்டி. அவளுக்கு அம்பது வயசுங்க.

இவங்க குடுத்த காப்பியத் தொடலைன்னுதான பாக்கறீங்க? சுகரெல்லாம் இல்லீங்க. பயமுங்க. காலைல இருந்து ஒரு வாய் காப்பி எறங்கலீங்க. இத்தன நாளா ஒரு பயம் இருந்துச்சு. இன்னிக்கு பஸ்ஸுல வர்றப்ப அது ரெண்டாயிருச்சு. யாருகிட்டயாவது சொல்லோணும், தெரிஞ்சவங்ககிட்டச் சொல்ல முடியாது. நீங்க ஆருன்னே தெரியல, அதனால சொல்றனுங்க. தொந்தரவா இருந்தாச் சொல்லிருங்க, நிறுத்திக்கறன்.

என்ற பேரு தண்டபாணிங்க. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல பர்ச்சேஸ் பாக்கறன். அவ கவுருமெண்டு நர்சு. ஆசுபத்திரில உக்காந்திருக்கற நர்சில்லீங்க, கிராமம் கிராமமாப் போயி கொழந்தைகளுக்கு ஊசி போடற நர்சு. ஆனைமலை அடிவாரத்துல பூராவும் அவ சோலிதான். ஒரு மொபெட்டு வெச்சிருந்தா, அப்பறம் ஸ்கூட்டரு. மருந்துப் பொட்டிய முன்னால வெச்சுட்டு, மழையோ வெயிலோ, கல்லோ சேறோ, போயிட்டே இருப்பா. ஒருக்கா ரோட்டுல ஆனை நின்னிருக்குது. இவ வண்டிய அணைச்சுட்டு, அது தழை தின்னு முடிக்கற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்திருக்கறா. எனக்கு அதுவே ரொம்ப நாள் கழிச்சு, வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். அப்பப் பயமா இல்லியான்னு கேப்பீங்க. இல்லீங்க. அது டூட்டிங்க. டூட்டிக்குப் போறவளுக்கு என்ன ஆயிரப் போகுது?

இது டூட்டி இல்லீங்களே. இது ஆசை. ஆசைக்குப் போறவள நெனச்சாத்தான் பயமா இருக்குது.

கோயமுத்தூருல பொம்பளைங்க மட்டும் வண்டி ஓட்டற குரூப்பு ஒண்ணு இருக்குதாமா. அதுல எவளோ ஒருத்தி இவளைச் சேத்து உட்டுட்டா. ஒரு நாளு சோத்தப் போட்டு வெச்சுட்டு, "மாமா, நான் லடாக் போகோணுமுங்க"ங்கறா. பழனிக்குப் போகோணுமுன்னு சொல்ற மாதிரி. நான் ரயில்லயான்னு கேட்டனுங்க. "வண்டில"ன்னா. ஸ்கூட்டர்லயான்னன். "இல்லீங்க, அதுக்குன்னு ஒரு வண்டி இருக்குது, வாங்கலாமுன்னு இருக்கறன்"னா. சோத்தத் தள்ளி வெச்சுட்டனுங்க. எங்க பொண்ணு ஓசூர்ல இருக்கறா, அவளுக்குப் போனப் போட்டு உங்கம்மாளுக்குப் புத்தி சொல்லுன்னன். "அம்மா போகட்டும் உடுங்கப்பா"ன்னுட்டு வெச்சுட்டா.

அன்னீல இருந்து செல்லுல வீடியோ பாக்க ஆரம்பிச்சனுங்க. பாக்காமயே இருந்திருக்கலாம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்லீங்க. ரோட்டுக்குக் குறுக்கால தண்ணி ஓடுது, அதுக்குள்ள வண்டிய உடறான், சாயறான். ஒசக்கப் போனா மூச்சு உட முடியாதாம். போன் எடுக்காதாம். எனக்குத் தூங்குனா அந்த ரோடுதான் வருதுங்க. அவ முன்னால போறா, நான் கூப்படறன், அவ திரும்பல. கீழ உழுகறதில்லீங்க, சும்மா போயிட்டே இருக்கறா. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்குது, ஏன்னு தெரியல.

சரி, எப்படி நிறுத்தறது? வேண்டாமுன்னு சொன்னா சண்டை வரும். எங்க மில்லுல ஒரு வழக்கம் இருக்குதுங்க. ஒரு டிபார்ட்மெண்டு ஏதாவது மெசின் கேக்கும். நமக்குப் புடிக்காது. புடிக்கலைன்னு சொல்லக் கூடாது. "பேஷா வாங்கலாம், மூணு கொட்டேஷன் கொண்டாங்க"ன்னு சொல்லோணும். வந்தா, "இதுல ஸ்பேர் பார்ட்ஸ் சேரலியே"ங்கோணும். அப்பறம் சர்வீசு, அப்பறம் டேக்ஸு. ஆசைப்பட்டவனே அலுத்துப் போயி உட்டுருவான். இத்தன வருசத்துல நான் வேண்டாமுன்னு ஒருக்காகூடச் சொன்னதில்லீங்க, நான் நிறுத்துன மெசினுக்குக் கணக்கே இல்ல. அதே வேலைய ஊட்டுல காட்டுனனுங்க.

"தாராளமா வாங்கு அம்மிணி, மூணு வண்டி பாத்துட்டு வாங்கு"ன்னன். மொத வண்டி எம்பட நெஞ்சு ஒசரம் இருந்துச்சு. ஏறி உக்காந்தா இவளுக்குக் கட்டை வெரல்கூட எட்டல. மனசுக்குள்ள தேங்கா ஒடச்சனுங்க. ரெண்டாவது வண்டி லேசான வண்டி, நல்ல வண்டி, ஆனா ஒரு பிரேக்குக் கம்பி ஒடிஞ்சா பெங்களூர்ல இருந்து வரோணும். நடு மலைல நின்னுட்டு பெங்களூருக்குப் போன் பண்ணுவியான்னு கேட்டன். அதும் சரின்னுட்டா. மூணாவது இந்த வண்டி. ஸ்பேர் எல்லா ஊர்லயும் கெடைக்குது, சீட்டைத் தாழ்த்திக்கலாம். ஆனா கனமுன்னா கனமுங்க, சாஞ்சா நாலு ஆளு வேணும். "சாஞ்சாத் தூக்குவியா? தூக்கிக் காட்டு, வாங்கித் தர்றன்"னன். அந்தக் குரூப்புப் பொம்பளைங்க ஒரு மைதானத்துல பழைய வண்டி ஒண்ணைப் படுக்கப் போட்டிருந்தாங்க. இவ போயி, வண்டிக்கு முதுகக் காட்டித் திரும்பி நின்னு, சீட்டுல இடுப்பக் குடுத்து, கைப்பிடியப் புடிச்சுட்டுக் காலால பின்னாடி தள்ளுனா பாருங்க. பொடக்குன்னு எந்திரிச்சு நின்னுருச்சு வண்டி. எல்லாரும் கை தட்டறாங்க. நானும் தட்டுனன், வேற என்ன பண்றது?

அப்பறம் பட்ஜெட்டுல புடிக்கலாமுன்னு பாத்தன். ஷோரூம் வெலை வெலையே இல்லீங்க, உங்களுக்குத் தெரியாததா? டேக்ஸு, இன்சூரன்ஸு. இஞ்சினுக்கு அடில கல்லு அடிக்காம இருக்கத் தகடு. உழுந்தா இஞ்சினைக் காப்பாத்தக் கம்பி. ஜாக்கெட்டு, பூட்ஸு, முட்டிக்குக் காப்பு. காத்தடிக்கப் பம்பு. ரெண்டு பக்கம் பொட்டி. அங்க வரைக்கும் ஓட்டிட்டே போனா இடுப்பு போயிரும், வண்டிய ரயில்ல ஏத்தி அனுப்பற செலவு. ஒவ்வொண்ணா சேத்துச் சேத்து, நாலரை லச்சத்தத் தாண்ட வெச்சுட்டனுங்க. அவகிட்ட சீட்டுப் பணம் நாலு லச்சம் இருந்துச்சு. வளையலுக்குன்னு நாந்தான் சேத்தச் சொன்னது. கணக்கைக் காட்டிட்டு, மொகத்தச் சோகமா வெச்சுட்டு உக்காந்திருந்தன்.

அவ பாத்தா. கண்ணு கலங்கிருச்சுங்க. "மாமா, இதுல பாதி நான் நெனச்சே பாக்கலீங்க. நல்லவேளை சொன்னீங்க"ன்னா. அப்பறம் அவளே பென்சில எடுத்துட்டு உக்காந்தா. டாப் மாடல் வேண்டாம், கலர் ஸ்கிரீன் வேண்டாம், கீழ்மாடல் போதும். பொட்டி வேண்டாம், துணிப்பை கட்டிக்கலாம். ஆனா ஜாக்கெட்டும் பூட்ஸும் கம்பியும் மாமா சொன்னபடி நல்லதாவே வாங்கறதுன்னு, கொண்டு வந்து நாலுக்குள்ள நிறுத்திட்டா. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்லுவாங்களே, அதுதாங்க. அந்தக் குரூப்புல இருக்கறவங்க இப்ப எனக்குப் போன் பண்ணி, "அண்ணா, எந்த டயர் போடலாமுங்க?"ன்னு கேக்கறாங்க. நானும் சொல்றன். தெரிஞ்சுபோச்சு, சொல்லாம இருக்க முடியறதில்ல.

கடைசியா எனக்குன்னு இருந்தது சாமிதானுங்க.

எங்க பக்கம் பூக் கேக்கறதுன்னு ஒண்ணு இருக்குது. நீங்க எந்த ஊருங்க? சரி, தெரிஞ்சிருக்கும். கண்ணாலமோ, கெணறு வெட்டறதோ, ரெண்டு பொட்டலத்துல ஒண்ணுல வெள்ளைப் பூ, ஒண்ணுல செவப்புப் பூ வெச்சுக் கட்டி, சாமி முன்னால போட்டு, பூசாரி ஒண்ண எடுத்துக் குடுப்பாரு. எங்க குலதெய்வக் கோயில்ல வெள்ளைன்னா வரம், செவப்புன்னா ஆகாது. ஆத்தா ஆகாதுன்னுட்டா அதுக்கு மேல பேச்சில்ல. "சாமிகிட்டக் கேட்டுரலாம் அம்மிணி, உத்தரவு குடுத்தா நானே கூட வந்து வாங்கித் தர்றன்"னன். உடனே சரின்னா. ஆனா எங்க கோயில்ல திருப்பணி நடக்குது, கும்பாபிசேகம் ஆகற வரைக்கும் பூக் கேக்க மாட்டாங்க. "அப்ப எங்கம்மா ஊட்டுக் கோயிலுக்குப் போலாமுங்க"ன்னா. எந்த ஆத்தாளா இருந்தா என்ன, பூ பூத்தானேன்னு நெனச்சுட்டன்.

கேக்கறவங்க பொட்டலம் கட்டக் கூடாதுங்க, வேற ஆளுதான் கட்டோணும். நான் கட்டறன்னன். கோயிலுக்குப் பின்னால அரளிச் செடி இருந்துச்சு. வெள்ளையும் இருந்துச்சு, செவப்பும் இருந்துச்சு. எதை எடுத்தாலும் ஒரே பதில் வர்ற மாதிரி ரெண்டுலயும் செவப்பையே வெச்சுக் கட்டுனனுங்க. அப்படிப் பாக்காதீங்க தம்பி. என்ற பொண்டாட்டி உசுரக் காப்பாத்தத்தான் பண்ணுனன். சாமியும் அதைத்தான சொல்லியிருக்கும்? நான் ஒரு ஒத்தாசை பண்ணுனன், அவ்வளவுதான்.

பூசாரி ஒண்ண எடுத்தாரு. பிரிச்சாரு. செவப்பு. நான் "உடு அம்மிணி, ஆத்தாளுக்கு இஷ்டமில்ல"ன்னு சொல்றதுக்கு வாயத் தொறந்துட்டனுங்க. அதுக்குள்ள பூசாரி சிரிச்சுட்டே பூவ அவ கைல வெச்சு, "உத்தரவு ஆயிருச்சு தாயி, தைரியமாப் போயிட்டு வா"ங்கறாரு. அவ அழுதுட்டே சாமியச் சுத்தப் போயிட்டா. பூசாரியத் தனியாக் கூப்புட்டு, ஏனுங்க இங்க செவப்பான்னு கேட்டன். "ஆமாங்க மாப்ள. எங்க ஆத்தா செவப்புக்காரி. செவப்புத்தான் வரம், வெள்ளைன்னா துக்கம். உங்களுக்குத் தெரியாதுங்களா?"ன்னாரு.

எப்படிங்க தெரியும்? கண்ணாலமாகி இத்தன வருசத்துல அந்தக் கோயில்ல நாங்க ஒருக்காகூட பூக் கேட்டதில்ல. எம்பட தம்பி கண்ணாலம், எம்பட தோட்டத்துக் கெணறு, பொண்ணு படிப்பு, எல்லாம் எங்க கோயில்லதான் கேட்டம். அவளுக்குன்னு கேக்கறதுக்கு என்னங்க இருந்துச்சு?

அன்னிக்குப் புடிச்ச பயமுங்க. ஆத்தா என்ன சொல்லியிருப்பாளோ எனக்குத் தெரியாது. நான் அவ வாய அடைச்சுட்டு நானே பேசிட்டன். அதும் நேர்மாறாப் பேசிட்டன். நாளைக்கு அந்த மலைல இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அனுப்பி வெச்சது ஆருங்க? ஆத்தாளா? நான். என்ற கையால கட்டுன பொட்டலம். இதைச் சொல்லித் தடுக்கலாமுன்னு தெனமும் நெனைப்பன். சொன்னா சாமிகிட்டயே ஏமாத்துனவன்னு தெரிஞ்சுருமே. அப்பறம் எம்மூஞ்சியப் பாப்பாளா?

அதுல இன்னொண்ணு, கோயிலுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து அவ ஒரு மாதிரி மாறிட்டா. சண்டையே இல்லீங்க. நான் மில்லுல இருந்து வந்தா எந்திரிச்சு வர்றா. எனக்குப் புடிக்குமுன்னு பச்சைப்பயறு கடையறா. சொந்தக்காரங்க ஒறம்பரை வந்தா, "எங்க மாமா மாதிரி ஆருக்கு அமையும்"ங்கறா. எனக்கு அதைப் பாக்கப் பாக்க, போறவங்க சொல்லிட்டுப் போற மாதிரி இருந்துச்சுங்க.

இன்னிக்கு பஸ்ஸுலதான் சங்கதி தெரிஞ்சுது. கிணத்துக்கடவு தாண்டி வந்துட்டு இருக்கறம். எங்கையப் புடிச்சா. ஊருக்குள்ள எங்கையப் புடிக்கற பழக்கமெல்லாம் அவளுக்கு இல்லீங்க. "மாமா, ஒண்ணு சொல்லோணும். எடுக்காத பொட்டலத்தத் தண்ணில உடோணுமில்லீங்களா, வாய்க்கால்ல உடறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்துட்டன். பாக்கக் கூடாதுதான், மனசு கேக்கல. அதும் செவப்பு"ன்னா.

அவ்வளவுதாங்க தம்பி, முடிஞ்சுதுன்னு நெனச்சன்.

அவ சொல்றா, "நீங்க வேண்டாமுன்னு இருக்கறீங்களோன்னு உள்ளுக்குள்ள எனக்குச் சந்தேகமாவே இருந்துச்சுங்க. எங்க கோயில்ல செவப்புத்தான் வரமுன்னு கண்ணாலமான புதுசுல ஒருக்காச் சொன்னன். அதை இத்தன வருசம் நாவகம் வெச்சிருந்து, எனக்கு ஆகாதுன்னு வந்துரக் கூடாதுன்னு, ரெண்டுலயும் செவப்பு வெச்சீங்களே மாமா. சாமிக்கே பயப்படாம எனக்காகப் பண்ணிட்டீங்களே"ன்னு, பஸ்ஸுன்னும் பாக்காம தோள்ல சாஞ்சுட்டாளுங்க.

சொன்னாளாம். ஒருக்காச் சொன்னாளாம். எனக்குச் சுத்தமா நாவகமே இல்லீங்க.

சொல்லிரலாமுன்னு வாயத் தொறந்தன். கண்டக்டர் வந்து சில்லரை கேட்டுட்டு நின்னாரு. அவரு போனதுக்கப்பறம் அவ சொன்னதுதான் என்னக் கொன்னுருச்சு. "வண்டி எடுத்ததும் ஊட்டுக்குப் போகலீங்க, நேரா கோயிலுக்குப் போறம். ஆத்தா முன்னால நின்னு நான் சொல்லிருவன். அவரு எனக்காகத்தான் பண்ணுனாரு. குத்தமுன்னா அது எம்மேல இருக்கட்டும், தண்டனைன்னா எனக்குக் குடு, அவர ஒண்ணும் பண்ணிராதன்னு சொல்லிருவன். அப்பத்தான் எனக்கு நிம்மதியா ஓட்ட வரும்"ங்கறா.

பாத்தீங்களா? தண்டனை எனக்குக் குடுன்னு சாமிகிட்டக் கேட்டு வாங்கிட்டு, அந்த மலைக்குப் போவாளாமா. நான் பண்ணுனதுக்கு. அதும் அவளைத் தடுக்கப் பண்ணுனதுக்கு. அந்த வார்த்தைய அவ வாயால சொல்ல உடக் கூடாதுங்க. கோயிலுக்குப் போறதுக்குள்ள நான் சொல்லியாகோணும். சொன்னா, இந்தக் கொஞ்ச நாளா என்னப் பாத்தாளே ஒரு பார்வை, அது போயிரும். தம்பி, இத்தன வருசத்துல அவ அப்படிப் பாத்தே நான் கண்டதில்லீங்க. சொல்லலைன்னா அவளே போயிருவா. ரெண்டுல எதை எடுத்தாலும் எனக்கு ஆகாதுதான் வருது.

அடடா, கையெழுத்து முடிஞ்சுது போலிருக்குது. வண்டிக்கு மாலை போடறாங்க பாருங்க. எலுமிச்சங்காய் வெச்சாச்சு. ஏறிட்டா. பாருங்க, ஒத்தக் கால்தான் ஊனறா, இன்னொண்ணு காத்துல நிக்குது. ஆனா வண்டி அசையலீங்க. எலுமிச்சங்காய ஏறி நசுக்கிட்டா. எப்படி நிமுந்து உக்காந்திருக்கறா பாருங்க... இவ எம்பட ஊட்லதான் இருந்தாளான்னு இருக்குது.

என்னமோ எடுத்து நீட்டறா. ஹெல்மெட்டா? அவ மாட்டிட்டுத்தான இருக்கறா? ஓ, அது எனக்காக்கு. எப்ப வாங்குனா? எங்கணக்குல இது இல்லீங்களே.

நான் பஸ்ஸுல வந்துக்கறன்னு சொன்னனுங்க. அவ மொபெட்டு வெச்சிருந்த காலத்துல இருந்து நான் அவ பின்னால உக்காந்ததே இல்லீங்க. பொம்பள ஓட்ட ஆம்பள பின்னாடி உக்காந்துட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்? ஒரே கண்ணாலத்துக்கு அவ வண்டில வருவா, நான் பஸ்ஸுல போவன். இன்னிக்கு அவ கேக்க மாட்டீங்கறா. சிரிச்சுட்டே கையக் காட்டிக் கூப்படறா.

இதா வந்துட்டன் அம்மிணி! ஒரு நிமிசம்!

போயிட்டு வர்றனுங்க தம்பி. போற வழில சொல்லிரலாமுன்னு இருக்கறன். பின்னால உக்காந்துட்டே சொன்னா மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல பாருங்க. ஏனுங்க, நீங்க வண்டி ஓட்டறவரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த ஹெல்மெட்ட மாட்டிட்டா, பின்னால இருக்கறவன் சொல்றது முன்னால இருக்கறவங்களுக்குக் கேக்குமுங்களா?